பத்து நாள் கணக்கு

(டெல்லியில் நடந்த நமது சங்க உறுப்பினர் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கமாக நான் எழுந்தால் ரேஷன் கார்டு பற்றிப் பேசுவேன், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் பற்றிப் பேசுவேன், இடிக்கப்பட்ட குடிசைகளுக்கு மாற்று வீடு கேட்டுப் பேசுவேன். இன்றைக்கு நாய்க்கடி பற்றிப் பேசப் போகிறேன் என்று செயலாளர் அறிவித்ததும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தவர்களைக் குறை சொல்லவில்லை. நாய் என்றாலே நமக்குச் சிரிப்பு, இல்லாவிட்டால் கல். ஆனால் நாய் கடித்த பிறகு வரும் பத்து நாளில் யார் என்ன செய்ய வேண்டும் என்று இந்த நாட்டில் விதி இருக்கிறது. அந்த விதி பங்களாவில் ஒரு மாதிரியும் ஜுக்கியில் வேறு மாதிரியும் நடக்கிறது. அதனால்தான் இது நம் சங்கம் பேச வேண்டிய விஷயம் என்கிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 15 மாநிலங்களில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு 2025 ஜனவரியில் வெளிவந்தது. ஆண்டுக்கு சுமார் 91 லட்சம் பேரை மிருகங்கள் கடிக்கின்றன. நான்கில் மூன்று பங்கு நாய்க்கடி. வெறிநாய்க்கடி நோயால் ஆண்டுக்கு 5,726 பேர் சாகிறார்கள் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன் சொல்லிவந்த மதிப்பு 18,000 முதல் 20,000 வரை. எது சரி என்று பெரியவர்கள் விவாதிக்கட்டும். குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்குப் பதினைந்து பேர். ஒரு ரயில் விபத்தில் பதினைந்து பேர் செத்தால் மந்திரி ஓடி வருவார், விசாரணைக் கமிஷன் வரும், எங்கள் இலாகாவில் நாலு பேர் சஸ்பெண்ட் ஆவார்கள். இந்தப் பதினைந்து பேருக்கு யார் வருகிறார்கள்?

இந்த நோயின் கொடுமை இரண்டு. அறிகுறி தோன்றிவிட்டால் மருந்து கிடையாது. தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்கும், காற்றுப் பட்டால் உடம்பு துடிக்கும், சில நாளில் முடிந்துவிடும். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும், எவ்வளவு பணமும் அந்த நிலையில் உதவாது. இரண்டாவது கொடுமை, அதற்கு முன்னால் போதுமான அவகாசம் இருக்கிறது என்பது. கடித்த இடத்திலிருந்து கிருமி நரம்பு வழியாக மெல்ல ஏறி மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அந்த அவகாசத்தில் ஊசி போட்டால் ஆள் பிழைப்பார். ஆக, இதில் போகும் உயிர் கிட்டத்தட்ட எல்லாமே போக வேண்டியிருக்காத உயிர்.

சரி, பத்து நாள் என்பது என்ன?

கடித்த நாயைக் கொல்லாமல், கடித்த நாளிலிருந்து பத்து நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. அமெரிக்காவில் பல மாகாணங்களில் சட்டமே இருக்கிறது: கடித்த நாயைச் சொந்தக்காரர் வீட்டிலோ அரசாங்கக் கொட்டடியிலோ பத்து நாள் அடைத்தே தீர வேண்டும். ஏன் பத்து? ஏன் எட்டு இல்லை, இருபது இல்லை? நோய் பிடித்த நாயின் எச்சிலில் கிருமி எப்போதும் இருப்பதில்லை. கிருமி மூளையைத் தொட்ட பிறகுதான் எச்சிலில் இறங்குகிறது. எச்சிலில் வந்த சில நாளுக்குள் நாய்க்கு அறிகுறி தெரிந்துவிடும். அறிகுறி தெரிந்த நாய் ஒரு வாரம் தாங்குவதே அதிகம். ஆகவே உங்களைக் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால், பத்தாம் நாளுக்குள் அந்த நாய் செத்திருக்கும், அல்லது கண்ணால் பார்த்தாலே தெரியும்படி நோயில் விழுந்திருக்கும். பத்து நாளும் நன்றாகத் தின்று, குரைத்து, வாலாட்டிக்கொண்டு இருந்தால், கடித்த அன்று அந்த எச்சிலில் கிருமி இல்லை. அவ்வளவுதான் அர்த்தம். அந்த நாய்க்கு இனி எப்போதும் நோய் வராது என்று அர்த்தம் இல்லை. இன்னொரு வெறிநாய் அதை அடுத்த வாரமே கடிக்கலாம்.

இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும். குரங்குக்குக் கிடையாது. டெல்லியில் குரங்குக்குப் பஞ்சமில்லை, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். குரங்கு கடித்தால் பத்து நாள் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது, நேரே ஆஸ்பத்திரி. வீட்டு எலி, அணில் கடித்தால் பெரும்பாலும் இந்த ஊசி தேவைப்படாது. இருந்தாலும் அதை டாக்டர் சொல்லட்டும்.

நம் மக்களிடம் இந்தப் பத்து நாள் விதி எப்படி வந்து சேர்ந்திருக்கிறது தெரியுமா? தலைகீழாக வந்து சேர்ந்திருக்கிறது. “பத்து நாள் பார்ப்போம், நாய் செத்தால் ஊசி போட்டுக்கொள்வோம்.” இதைச் சொல்லாத சந்து கிடையாது. படித்தவர்களும் சொல்கிறார்கள். இது மிக ஆபத்தான பேச்சு. அரசாங்கத்தின் தேசிய வழிகாட்டுதல் 2019இல் வந்திருக்கிறது. அதில் தெளிவாக இருக்கிறது: ஊசியை உடனே ஆரம்பிக்க வேண்டும். நாயைப் பார்ப்பது ஒரு பக்கம் நடக்கும், ஊசி போடுவது இன்னொரு பக்கம் நடக்கும். இரண்டு தண்டவாளம் மாதிரி. ஒன்று முடிந்து இன்னொன்று அல்ல.

அப்படியானால் பார்ப்பதால் என்ன லாபம் என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. தனியார் டாக்டரிடம் தசையில் போடும் ஊசி ஐந்து தடவை: முதல் நாளைப் பூஜ்யம் என்று வைத்து 0, 3, 7, 14, 28. பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால் 14ஆம் நாள் ஊசியை விட்டுவிட்டு 28ஆம் நாளதைப் போட்டுக்கொள்ளலாம் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. பல அரசு ஆஸ்பத்திரிகளில் தோலுக்குள் போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு இடத்தில் சின்ன ஊசி. அது 0, 3, 7, 28 என்று நாலே தடவை. அங்கே நாய் பிழைத்தாலும் உங்களுக்கு ஒரு ஊசியும் குறையப் போவதில்லை. பத்தாம் நாள் வருவதற்குள் மூன்று தடவை போட்டிருப்பீர்கள்.

அப்புறம் எதற்கு நாயைக் காக்க வேண்டும்? நாய் நாலாம் நாள் நோயில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களை மட்டுமா தொட்டிருக்கும்? பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கீறியிருக்கும், “சின்னக் கீறல்தானே” என்று தாய் மஞ்சள் தடவி விட்டிருப்பாள். அந்தக் குழந்தையைத் தேடிப் பிடித்து ஊசி போட அந்தத் தகவல் வேண்டும். உங்களுக்கே முதல் நாள் சீரம் கிடைக்காமல் போயிருந்தால், முதல் ஊசி போட்டு ஏழு நாளுக்குள் அதைப் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது; அதற்கும் தகவல் வேண்டும். அந்த நாய் கடித்த மற்ற நாய்களைப் பிடிக்கவும் தகவல் வேண்டும். நாய் உயிரோடு இருந்தால் இவ்வளவும் தெரியும். செத்துப் போன நாய் ஒன்றும் சொல்லாது. அதுவும் நாமே அடித்துக் கொன்ற நாய்.

போன மழைக்காலத்தில் எங்கள் சந்தில் நடந்தது. காலை ஆறரை மணிக்கு ஒரு பழுப்பு நிற நாய் தண்ணீர் லாரி வரிசையில் நின்ற மூன்று பேரைக் கடித்தது. இளைஞர்கள் கம்பியோடு ஓடினார்கள். பத்து நிமிஷத்தில் நாயைக் கொன்று நாலாவில் தள்ளிவிட்டு, வீரர்கள் மாதிரி திரும்பி வந்தார்கள். கடிபட்ட மூவரையும் அழைத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “குத்தா கஹான் ஹை?” நாய் எங்கே? இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அதற்குள் நாலா தண்ணீர் அதை எங்கே கொண்டு போனதோ. அது வெறிநாயா, குட்டிக்குப் பக்கத்தில் யாரோ போனதால் கடித்த தாய் நாயா, இன்று வரை ஒருவருக்கும் தெரியாது. மூன்று பேரும் ஊசியை முடித்தார்கள், நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அந்த நாய் இரண்டு நாளாக எந்தெந்தச் சந்தில் திரிந்தது, வேறு யாரைத் தொட்டது என்று கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியதில் எங்களுக்கு ஒரு வாரம் போயிற்று. இரண்டு வீட்டில் பையன்கள் கீறல் பட்டதை அடி விழுமோ என்று மறைத்து வைத்திருந்தார்கள். தாய்மார்களே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாய் கடித்தது என்று வந்து சொல்லும் பிள்ளையை அடிக்காதீர்கள்.

பங்களாவுக்கு வருகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் வீட்டு வேலை செய்கிறவர்கள். வேலை செய்யும் வீட்டு நாய் கடித்து, அதை வெளியே சொல்லாமல் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு வந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். கை தூக்கச் சொல்ல மாட்டேன். மேம்சாப் என்ன சொல்வார்? “எங்கள் நாய்க்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறது, பயப்படாதே” என்பார். நூறு ரூபாயும் ஒரு பிளாஸ்திரியும் கொடுப்பார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாய்ச் சொல் ஊசி ஆகாது. நாயின் தடுப்பூசிக் கார்டில் கால்நடை மருத்துவரின் முத்திரை இருக்கும், தேதி இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு சரியாக இருந்தாலும் நீங்கள் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஊசி வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர், மேம்சாப் அல்ல. பத்து நாளைக்கு நாயை வேறு ஊருக்கோ நண்பர் வீட்டுக்கோ அனுப்பக் கூடாது, தினமும் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். பத்து நாள் விதிக்குத் தேவையான சுவர், கதவு, சங்கிலி, டாக்டர் எல்லாம் இருப்பது அவர்கள் வீட்டில்தான். விதியை நூற்றுக்கு நூறு நிறைவேற்ற முடிந்தவர்கள் அவர்கள். அவர்களே நிறைவேற்றாவிட்டால் வேறு யார் நிறைவேற்றுவது?

சட்டமும் இதில் சும்மா இல்லை. டெல்லி மாநகராட்சிச் சட்டம் 1957இன்படி வளர்ப்பு நாயைப் பதிவு செய்ய வேண்டும். தன் வசம் உள்ள மிருகத்தால் மனிதருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் யாரையும் போலீசுக்கு ஓடச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் எனக்குத் தெரியும். தனியாகப் போய்க் கேட்டால் வேலை போகும். சங்கத்திலிருந்து இரண்டு பெண்கள் கூட வந்து மரியாதையாகக் கேட்டால், கார்டும் வரும், பெரும்பாலும் ஊசி நாள் கூலியும் வரும். நாலைந்து வீடுகளில் அப்படி வாங்கியிருக்கிறோம்.

தெரு நாய்க்கு யார் பொறுப்பு? மாநகராட்சி. இதில் சந்தேகமே வேண்டாம். 2001ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் புதிய விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. வெறி பிடித்ததாகச் சந்தேகப்படும் நாய் பற்றிப் புகார் வந்தால் உள்ளாட்சி அமைப்பு அதைப் பிடிக்க வேண்டும். அவர்களுடைய கால்நடை மருத்துவரும் விலங்கு நல அமைப்பின் பிரதிநிதியும் சேர்ந்து பார்க்க வேண்டும். நோய் இருக்க அதிக வாய்ப்பு என்று தெரிந்தால் தனியாக அடைத்து, அது தானாகச் சாகும் வரை வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கொன்றால் நோயின் உண்மையான அளவு தெரியாமல் போய்விடும் என்று 2001 விதியிலேயே எழுதியிருந்தார்கள். எங்கள் சந்து இளைஞர்கள் கம்பியால் செய்ததைத்தான் அந்த விதி வேண்டாம் என்கிறது.

2025இல் சுப்ரீம் கோர்ட்டில் நடந்தது உங்களில் பலருக்கும் தெரியும். டெல்லியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வெறிநாய்க்கடியால் இறந்த பத்திரிகைச் செய்தியைப் பார்த்து நீதிபதிகள் தாங்களாகவே வழக்கை எடுத்தார்கள். ஆகஸ்ட் 11இல் டெல்லியிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள எல்லாத் தெரு நாயையும் பிடித்துக் காப்பகத்தில் போடு என்று உத்தரவு வந்தது. உதவி எண் வைக்க வேண்டும், புகார் வந்த நாலு மணி நேரத்தில் நாயைத் தூக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. மெழுகுவத்தி ஊர்வலம் நடந்தது. கடிபட்ட குடும்பங்கள் ஒரு பக்கம் அழுதன, நாய்க்குச் சோறு போடுகிறவர்கள் ஒரு பக்கம் அழுதார்கள். ஆகஸ்ட் 22இல் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள்: கருத்தடை, தடுப்பூசி போட்டு எடுத்த இடத்திலேயே விடு, வெறிநோய் உள்ளதையும், சந்தேகப்படுவதையும், மூர்க்கமானதையும் மட்டும் விடாதே. நவம்பர் 7இல் இன்னொரு உத்தரவு: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், பஸ் நிலையம், ரயில் நிலையம் இவற்றிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், பிடித்த இடத்தில் திரும்ப விடக் கூடாது.

ரயில் நிலையம் என்றதும் எனக்கு வேலை வந்துவிட்டது. நான் குமாஸ்தா, பைல் பார்த்துப் பழகியவன். உத்தரவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தால் எனக்கு ஒரே கேள்விதான்: பிளாட்பாரத்திலிருந்து எடுத்த நாயை எங்கே வைப்பது? காப்பகம் கட்டி, ஆள் போட்டு, சோறு போட்டால் உத்தரவு நடக்கும். கட்டாவிட்டால் நாய் நிலைய வேலிக்கு அந்தப் பக்கம் போகும். வேலிக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? நாம்தான் இருக்கிறோம். டெல்லியில் ரயில்வே லைன் ஓரம் பார்த்தால் தெரியும். நாய் பிரியர்களுக்கும் நாய் எதிரிகளுக்கும் நடக்கும் டெலிவிஷன் சண்டையில் நம் சங்கம் ஒரு பக்கமும் சேர வேண்டியதில்லை என்பது என் கருத்து. அவர்கள் இருவருக்கும் கேட் போட்ட காலனியும் காவல்காரனும் இருக்கிறது. நமக்கு வேண்டியது கண்காணிப்புக் கொட்டடி, தடுப்பூசி வண்டி, கிளினிக்கில் சீரம்.

நாயைக் கொன்றே நோயை ஒழித்துவிடலாம் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சென்னை மாநகராட்சி 1990களின் நடுப்பகுதி வரை ஆண்டாண்டாக நாயைப் பிடித்துக் கொன்றது. நோய் ஒழிந்ததா? ஒழியவில்லை. 1996இல் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறினார்கள். ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவ வழியில்லாமல் அடங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கோவாவில் வருடா வருடம் வலை போட்டு நாயைப் பிடித்து, ஊசி போட்டு, சாயம் பூசி விட்டார்கள். 2021இல் கோவா வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று அறிவிக்கப்பட்டது. சின்ன மாநிலம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் சேரி இருக்கிறது, தெரு நாய் இருக்கிறது, குப்பை இருக்கிறது. டெல்லியில் முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுத்தில் சொல்லட்டும்.

இனி, கடித்தவுடன் செய்ய வேண்டியது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில், பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிஷம் என்றால் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம். நம் சந்தில் குழாய் வராத நேரம்தான் அதிகம்; இரண்டு பேர் குடத்தால் ஊற்றுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. பிறகு ஆஸ்பத்திரி. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அது மூன்றாம் வகைக் கடி. ஊசி மட்டும் போதாது, காயத்துக்குள்ளேயே சீரம் போட வேண்டும். “சீரம் லகானா ஹை க்யா?” என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். இல்லை என்றால் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று பர்ச்சியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசிக்குக் காசு இல்லை.

நம் வயதானவர்கள் இன்னும் “தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி” என்று பயந்துகொண்டு இருக்கிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து; இமாசலத்தில் கசௌலியில் 1911இல் டேவிட் செம்பிள் என்பவர் செய்தது. நம் குன்னூரிலும் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. அங்கேயும் அதைத்தான் காலம் காலமாகத் தயாரித்தார்கள். அந்த மருந்தை நம் நாடு இருபது வருடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டது. இப்போது கையில் போடுகிறார்கள், அம்மை ஊசி மாதிரி. அந்தப் பயத்தை வீட்டுக்குப் போய் விட்டொழியுங்கள்.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இதை டெல்லிக்காரர் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். மே மாதம் கடிபடுகிறது. இரண்டு ஊசி போட்டாகிவிட்டது. பள்ளிக்கூட லீவு, டிக்கெட் எடுத்தாயிற்று. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி இரண்டு இரவில் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். ஏழாம் நாள் ரயிலில் போய்விடுகிறது. ஊரில் கோயில் கொடை, கல்யாணம். “நாய் நன்றாகத்தான் இருந்தது, இனி ஊசி எதற்கு?” என்று பாட்டி சொல்வாள். அந்த நாயை யார் பார்த்தது? ஊருக்குக் கிளம்பிய அன்றோடு பார்ப்பவரும் இல்லை, பார்த்ததைச் சொல்பவரும் இல்லை. தோழர்களே, ஊசிக் கார்டை டிக்கெட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஊசியை ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா ஆஸ்பத்திரியிலோ போடலாம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. டெல்லிக் கார்டு இந்தியில் இருக்கிறதே என்றால், தேதியையும் மருந்தின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் நாயை ஒப்படைத்து, அவர் போன் நம்பரையும் கையோடு கொண்டு போங்கள்.

2025 ஜூன் 1இல் ஜங்புரா மதராசி கேம்பை இடித்த பிறகு நரேலாவுக்குப் போன குடும்பங்களுக்கும் இதே கதை. வேலை பழைய இடத்தில், வீடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி. எந்த ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தோம், எங்கே முடிப்பது என்று தெரியாமல் மூன்றாம் ஊசியோடு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். 28ஆம் நாள் ஊசி அதிகம் தவறுகிறது. அன்றைக்குக் காயம் ஆறி, தழும்பும் மங்கிப் போயிருக்கும். போவதென்றால் ஒரு நாள் கூலி போகும். ஆகவேதான் வீட்டு வேலைப் பெண்களுக்கும் தினக்கூலிக்காரர்களுக்கும் ஊசி நாள்களுக்கு ஈட்டுத் தொகை வேண்டும் என்று கேட்கிறோம். பஞ்சாப் ஹரியானா ஹைகோர்ட் 2023 நவம்பரில், நாய்க்கடியில் பதிந்த ஒவ்வொரு பல்லுக்கும் குறைந்தது 10,000 ரூபாய் நஷ்டஈடு என்று கணக்கே போட்டுத் தந்தது. அந்தத் தீர்ப்பு பஞ்சாப், ஹரியானா, சண்டிகருக்கு. சண்டிகரில் வேலை செய்யும் நம் மக்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். டெல்லியில் நாம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சந்துக்கு இரண்டு பேர் போட்டு ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். கடித்த நாயை அவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். நிறம், வால், காது. காது நுனி வெட்டியிருந்தால் அது கருத்தடை செய்த நாய். அதற்கு ஒரு தடவையாவது ஊசி விழுந்திருக்கும், ஆனால் எப்போது என்று தெரியாது. காலையும் மாலையும் தூர நின்று பார்த்து நோட்டில் எழுதுவார்கள்: தின்றதா, தண்ணீர் குடித்ததா, குரைப்பு மாறியதா, எச்சில் ஒழுகுகிறதா, தாடை தொங்குகிறதா, பின்னங்கால் இழுக்கிறதா. வெறி என்றால் பாய்ந்து கடிப்பது மட்டும் இல்லை. இருட்டு மூலையில் சுருண்டு, தொண்டையில் எலும்பு மாட்டிய மாதிரி இருக்கும் நாயும் வெறிநாயாக இருக்கலாம். இரக்கப்பட்டு வாய்க்குள் கை விடாதீர்கள். பிடிக்கவோ கட்டவோ முயல வேண்டாம். பிள்ளைகளைக் காவல் வைக்க வேண்டாம். மாற்றம் தெரிந்தால் உடனே மாநகராட்சிக்குப் போன், கடிபட்டவருக்குச் செய்தி. செத்தால் குழியில் தள்ளாதீர்கள். மூளையைச் சோதித்தால்தான் நிச்சயம் தெரியும். கால்நடை இலாகா ஆள் வரும் வரை யாரும் வெறும் கையால் தொடக் கூடாது. புகார் சொன்னால் புகார் நம்பர் வாங்குங்கள். ஆபீசில் எழுத்தில் இல்லாதது நடக்காத விஷயம். இருபது வருடம் குமாஸ்தாவாக இருந்து சொல்கிறேன்.

மாநகராட்சிக்குக் கொடுக்க மனு இந்தியில் தயாராக இருக்கிறது. மண்டலத்துக்கு ஒரு கண்காணிப்புக் கொட்டடி வேண்டும், அதன் ரெஜிஸ்தரைப் பொது மக்கள் பார்க்க அனுமதி வேண்டும், கடிபட்டவருக்குப் பத்தாம் நாள் நாயின் நிலையை எழுத்தில் சொல்ல வேண்டும், நம் சந்துகளில் தடுப்பூசி முகாம் தேதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், மாலை ஆறு மணிக்குப் பிறகும் ஊசி கிடைக்க வேண்டும். மனுவைத் தமிழில் ஒரு தடவை படிக்கிறேன், பிறகு வாசல் பக்கம் மேஜையில் வைக்கிறேன். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மையும் இருக்கிறது. சந்துக்கு இரண்டு பேர் இன்னும் கிடைக்காத மூன்று சந்துகளிலிருந்து வந்தவர்கள் போய்விடாமல் கொஞ்சம் இருங்கள்.